சாப்பிடாமல் படுத்தும் காலையில் சர்க்கரை ஏறுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 52. சர்க்கரை நோய் வந்து ஏழு வருடம் ஆகிறது. காலையும் இரவும் மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறேன். இரவு படுக்கும்போது 118 இருக்கிற சர்க்கரை காலையில் 150-க்கு வந்து நிற்கிறது. இடையில் தண்ணீர் தவிர வேறெதுவும் வாயில் படவில்லை. ஒருநாள் இரவுச் சாப்பாட்டையே விட்டுப் பார்த்தேன், அன்றைக்கு 156. உயிர்வேதியியல் படிக்கும் என் மகள், "கல்லீரலில் கிளைக்கோஜனை உடைக்கிற என்சைமே, அதைக் கட்டுகிற என்சைமையும் எழும்ப விடாமல் வைத்திருக்கிறது. அந்தப் பிடியைத் தளர்த்த மருந்து தேடியிருக்கிறார்கள்" என்கிறாள். லிவர் டெஸ்ட்டில் எனக்கு எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. எல்லாம் நார்மல். அப்புறம் என் என்சைமில் என்ன கோளாறு? அந்த மருந்து வந்துவிட்டதா? அதுவரை "லிவர் என்சைம்" என்று விற்கும் கேப்ஸ்யூலைச் சாப்பிடலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் மகள் சொன்னது சரி. நான் மருத்துவம் படித்தபோது இந்த இரண்டு என்சைம்களையும் பாடப் புத்தகத்தின் இரண்டு தனித்தனிப் பக்கங்களில்தான் படித்தேன். ஒன்று இன்னொன்றின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. அவருக்கு இந்த வயதிலேயே அது பிடிபட்டிருப்பது எனக்கு மிகுந்த சந்தோஷம். அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் லிவர் டெஸ்ட் பற்றிய குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. இரண்டும் அமினோ அமிலங்களைக் கையாளும் என்சைம்கள். கல்லீரல் செல்கள் அடிபட்டால் இவை ரத்தத்தில் கசியும். அந்தக் கசிவைத்தான் லேபில் அளக்கிறார்கள். கல்லீரல் சேமித்து வைக்கும் சர்க்கரைதான் கிளைக்கோஜன். அதைக் கட்டுவதும் உடைப்பதும் வேறு என்சைம்கள். அவை செல்லுக்குள் இருந்தபடியே வேலை செய்கின்றன. நாம் வழக்கமாக எடுக்கும் எந்த ரத்தப் பரிசோதனையிலும் அவற்றின் நிலவரம் தெரியாது. ஆகவே உங்கள் ரிப்போர்ட் நார்மலாக இருப்பதும் காலைச் சர்க்கரை ஏறுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உங்கள் உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர். சர்க்கரை அளவு 100 என்றால், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 100 மில்லிகிராம் என்று பொருள். அப்படியானால் மொத்த ரத்தத்திலும் இருப்பது 5 கிராம் குளுக்கோஸ். ஒரு டீஸ்பூன் அளவு. மூளை மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் செலவழிக்கிறது, அதாவது மணிக்கு 5 கிராம். நீங்கள் தூங்கும்போதும் அது அநேகமாக அதே அளவு கேட்கும். யாரும் ஊட்டாத அந்த எட்டு மணி நேரம் ரத்தத்தில் சர்க்கரை தீராமல் பார்த்துக்கொள்வது கல்லீரல்தான். 70 கிலோ எடையுள்ள ஆரோக்கியமான ஒருவரின் கல்லீரல் வெறும் வயிற்றில் நிமிடத்துக்குச் சுமார் 140 மில்லிகிராம் குளுக்கோஸை ரத்தத்தில் விடுகிறது. எட்டு மணி நேரத்துக்குக் கூட்டினால் ஏறக்குறைய 67 கிராம்.

உங்கள் 118 எப்படி 150 ஆயிற்று என்று இதை வைத்தே பார்க்கலாம். குளுக்கோஸ் ரத்தத்தில் மட்டும் தங்குவதில்லை. செல்களைச் சுற்றியுள்ள நீரிலும் பரவுகிறது. எல்லாம் சேர்த்து சுமார் 14 லிட்டர் என்று வையுங்கள். டெசிலிட்டருக்கு 32 மில்லிகிராம் கூட வேண்டுமானால் தேவைப்படுவது நாலரை கிராம். இரவு முழுவதும் கல்லீரல் விட்டதற்கும் உடம்பு எடுத்துக்கொண்டதற்கும் இடையே நாலரை கிராம் மிச்சப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இதை நான் நோயாளிகளிடம் காகிதத்தில் எழுதிக் காட்டுவதுண்டு. தன் கல்லீரல் கட்டுக்கடங்காமல் போய்விட்டது என்று பயந்து வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மனதைத் தேற்றுகிறது. அதே சமயம், 67 கிராம் வரவு செலவில் நாலரை கிராமைச் சரிசெய்வது எவ்வளவு நுட்பமான வேலை என்பதும் இதில் தெரியும்.

கல்லீரல் சர்க்கரையைச் சேமித்து வைக்கிறது என்று கண்டறிந்தவர் பிரான்ஸின் கிளாட் பெர்னார்ட். 1855-ல் அவர் ஒரு விலங்கின் கல்லீரலை வெளியே எடுத்து, அதன் ரத்தக் குழாய் வழியே தண்ணீரைப் பாய்ச்சி, வெளியேறும் நீரில் சர்க்கரையின் சுவடே இல்லாத வரை கழுவினார். அப்படியே வைத்துவிட்டு மறுநாள் சோதித்தார். உயிரற்ற அந்தக் கல்லீரலில் மறுபடியும் சர்க்கரை இருந்தது. சர்க்கரையாக மாறக்கூடிய வேறேதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. 1857-ல் அதைப் பிரித்தெடுத்தார். அதுதான் கிளைக்கோஜன். மாணவனாக நானும் அதைப் பரிசோதனைக் கூடத்தில் பார்த்திருக்கிறேன். கலங்கிய கல்லீரல் சாற்றில் ஆல்கஹாலை மெல்ல ஊற்றியதும், பால் திரிந்ததுபோல் வெள்ளையாகத் திரண்டு குழாயின் அடியில் இறங்கும். அதில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் செம்பழுப்பு நிறம் பரவும்.

கிளைக்கோஜன் என்பது குளுக்கோஸைக் கோத்துக் கோத்து, கிளைவிட்டுக் கிளைவிட்டுச் செய்த உருண்டை. ஒரே உருண்டையில் பல்லாயிரக்கணக்கான குளுக்கோஸ் இருக்கும். நன்றாகச் சாப்பிட்ட பிறகு கல்லீரலில் மொத்தம் 100 கிராம் அளவுக்கு இது சேர்ந்திருக்கும். தசைகளில் இதைப்போல் நான்கு மடங்கு இருக்கிறது; ஆனால் உடைத்தெடுத்த குளுக்கோஸில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றி ரத்தத்தில் விடும் கடைசி என்சைம் தசையில் இல்லை. தசை தன் சேமிப்பைத் தானே செலவழித்துக்கொள்ளும். ஊருக்கெல்லாம் படியளப்பது கல்லீரல் ஒன்றுதான்.

உருண்டையின் முனையிலிருந்து குளுக்கோஸை ஒவ்வொன்றாக உடைத்தெடுப்பது பாஸ்பாரிலேஸ். முனையில் குளுக்கோஸை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது கிளைக்கோஜன் சிந்தேஸ். இரண்டுமே அந்த உருண்டையின் மேல்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் கட்டியதை உடைத்து, உடைத்ததைக் கட்டி, சக்தி வீணாகும். அதனால் ஒன்று விழித்திருக்கும்போது மற்றொன்று உறங்க வேண்டும்.

இதற்கு இயற்கை கையாளும் வழி மிக எளிமையானது. இரண்டுக்கும் ஒரே முத்திரை: பாஸ்பேட். பாஸ்பாரிலேஸின் 14-ஆவது இடத்திலுள்ள செரின் என்னும் அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஒட்டினால் அது விழித்துக்கொள்கிறது. சிந்தேஸில் பாஸ்பேட் ஒட்டினால் அது உறங்கிவிடுகிறது. பட்டினியில் குளுக்ககான் ஹார்மோன் சுரந்ததும் இரண்டின் மீதும் முத்திரை விழுகிறது. உடைப்பு தொடங்குகிறது, கட்டுவது நிற்கிறது. சாப்பிட்டு இன்சுலின் வந்ததும் முத்திரைகள் கழற்றப்படுகின்றன, எல்லாம் தலைகீழாகிறது. பாஸ்பேட் ஒட்டுவதும் கழல்வதும்தான் பாஸ்பாரிலேஸை இயக்கும் சுவிட்ச் என்பதை 1950-களின் நடுவில் கண்டுபிடித்த எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் அதற்காக 1992-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

உங்கள் மகள் சொன்ன பிடி இதற்கு அடுத்த படியில் வருகிறது. முத்திரையைக் கழற்றுவதற்கு ஒரு பாஸ்படேஸ் என்சைம் இருக்கிறது. அது தானாகக் கிளைக்கோஜன் உருண்டையைத் தேடி வராது. ஜி.எல். என்ற ஒரு புரதம் அதைக் கையோடு கூட்டிவந்து உருண்டையின் மேல் உட்கார வைக்கிறது. இந்த ஜி.எல். புரதத்துக்கு ஒரு வால் உண்டு. விழித்திருக்கும் பாஸ்பாரிலேஸ் அந்த வாலின் கடைசி 16 அமினோ அமிலங்களைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. வால் பிடிபட்டிருக்கும் வரை அந்த பாஸ்படேஸால் சிந்தேஸின் முத்திரையைக் கழற்ற முடியாது. களஞ்சியத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஆளே, உள்ளே கொட்டுகிற வாசலின் சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துக் கொடுப்பதை அவன் நிறுத்தினால்தான் சாவி கைக்கு வரும்.

அவனை நிறுத்துவது எது? குளுக்கோஸேதான். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இது. சாப்பிட்ட பிறகு குடலிலிருந்து வரும் குளுக்கோஸ் கல்லீரல் செல்லுக்குள் நுழைந்து, பாஸ்பாரிலேஸின் வேலை செய்யும் குழியிலேயே போய் உட்காருகிறது. உடனே பாஸ்பாரிலேஸின் உருவம் சற்று மாறி, உள்ளே ஒளிந்திருந்த 14-ஆவது இடத்துப் பாஸ்பேட் வெளியே தலைகாட்டுகிறது. பாஸ்படேஸ் அதைக் கழற்றிவிடுகிறது. பாஸ்பாரிலேஸ் உறங்குகிறது, வால் விடுபடுகிறது, சிந்தேஸ் எழுகிறது. சர்க்கரை உள்ளே வந்துவிட்டது என்று கல்லீரலுக்குச் சொல்லும் உணர்கருவி, சர்க்கரையை வெளியேற்றும் இந்த என்சைமே.

பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் ஹெர்ஸ், ஸ்டால்மன்ஸ் முதலியோர் 1970-களில் இந்த வரிசையை நிமிடம் நிமிடமாக அளந்தார்கள். குளுக்கோஸ் கொடுத்ததும் விழித்திருக்கும் பாஸ்பாரிலேஸின் அளவு சரசரவென்று இறங்கியது. அந்த நேரத்தில் சிந்தேஸ் அசையவே இல்லை. பாஸ்பாரிலேஸ் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிய பிறகுதான் சிந்தேஸ் எழத் தொடங்கியது. இடையில் கிடக்கும் அந்தச் சில நிமிட மௌனத்துக்குக் காரணம் இந்த வால்பிடி.

குளுக்கோகைனேஸ் என்ற மூன்றாவது என்சைமையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். செல்லுக்குள் வந்த குளுக்கோஸுக்கு ஒரு பாஸ்பேட் மாட்டி வெளியே போகவிடாமல் நிறுத்துவது இதன் வேலை. பாஸ்பேட் மாட்டிய அந்தக் குளுக்கோஸ் சிந்தேஸை இன்னும் முடுக்குகிறது. குளுக்கோகைனேஸ் பாதி வேகத்தை எட்டுவதற்கே சர்க்கரை 145 அளவுக்கு இருக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை பெருகும்போது வேலை செய்வதற்கென்றே அமைந்த என்சைம் அது. பட்டினி நேரத்தில் ஒரு காவல் புரதம் அதைச் செல்லின் உட்கருவுக்குள் அடைத்து வைத்திருக்கும்.

இப்போது உங்கள் கேள்வி: "என் என்சைமில் என்ன கோளாறு?" டைப் 2 சர்க்கரை நோயில் பெரும்பாலானவர்களுக்கு பாஸ்பாரிலேஸோ சிந்தேஸோ பழுதாகிவிடுவதில்லை. அவை தங்களுக்கு வரும் உத்தரவைக் கேட்டு நடக்கின்றன. உத்தரவுதான் சரியாக வருவதில்லை. கல்லீரல் இன்சுலினின் பேச்சைப் பாதிதான் கேட்கிறது. அடங்க வேண்டிய நேரத்தில் குளுக்ககான் அடங்குவதில்லை. இரவில் வளர்ச்சி ஹார்மோனும் விடியற்காலையில் கார்டிசாலும் வேறு ஏறுகின்றன. ஆரோக்கியமானவருக்கும் இவை ஏறும். அவருடைய கணையம் கூடக் கொஞ்சம் இன்சுலினை விட்டு அதைச் சமன் செய்துவிடும். உங்களுக்கு அது முழுவதும் நடப்பதில்லை. நாலரை கிராம் மிச்சப்படுகிறது.

இரவுச் சாப்பாட்டை விட்டும் 156 வந்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. கல்லீரல் கிளைக்கோஜனை உடைத்து மட்டும் சர்க்கரை தருவதில்லை. அமினோ அமிலம், லாக்டேட், கொழுப்பிலிருந்து வரும் கிளிசரால் ஆகியவற்றிலிருந்து புதிதாகவும் தயாரிக்கிறது. ஓர் இரவு பட்டினிக்குப் பிறகு ஆரோக்கியமானவரின் கல்லீரல் விடும் சர்க்கரையில் ஏறக்குறைய பாதி இப்படிப் புதிதாகச் செய்தது. உயிருள்ள மனிதரின் கல்லீரலில் கிளைக்கோஜன் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காந்த அதிர்வுக் கருவியால் ஊசியே குத்தாமல் அளக்கும் முறையை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் கையாண்டார்கள். 1992-ல் அவர்கள் டைப் 2 நோயாளிகளை அளந்தபோது, சாப்பிட்ட பிறகு அவர்களுடைய கல்லீரலில் சேரும் கிளைக்கோஜன் ஆரோக்கியமானவர்களைவிடக் குறைவாகவும், புதிதாகத் தயாரிக்கும் சர்க்கரை கூடுதலாகவும் இருக்கக் கண்டார்கள். களஞ்சியம் நிரம்பி வழிவதால் உங்களுக்குச் சர்க்கரை ஏறவில்லை. சரியாக நிரம்பாத களஞ்சியத்தோடு, புதிதாகச் சர்க்கரை செய்யும் பட்டறையும் இரவெல்லாம் ஓடுகிறது. சாப்பாட்டை விட்டால் பட்டறை இன்னும் வேகமாக ஓடும். தயவுசெய்து இனி இரவுச் சாப்பாட்டை விடாதீர்கள்.

மருந்துக்கு வருவோம். மூன்று வழிகளில் முயன்றிருக்கிறார்கள்.

முதல் வழி, பாஸ்பாரிலேஸை நேராகவே அடக்குவது. 1998-ல் ஃபைசர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், மனிதக் கல்லீரலின் பாஸ்பாரிலேஸைத் தடுக்கும் ஒரு சேர்மத்தை வெளியிட்டார்கள். சர்க்கரை நோயுள்ள எலிகளில் அது சர்க்கரையைக் குறைத்தது. சர்க்கரை அதிகமாக இருக்கும்போது பலமாகவும், இறங்க இறங்க மெதுவாகவும் அது வேலை செய்தது. குளுக்கோஸோடு சேர்ந்து என்சைமைப் பிடிப்பதால் கிடைத்த நல்ல குணம் அது. அப்போது எங்களில் பலருக்கும் பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் இந்த வகைச் சேர்மங்களை நெடுநாள் கொடுத்துப் பார்த்த விலங்குச் சோதனைகளில் கல்லீரல் கிளைக்கோஜனால் வீங்கியது. பிறவியிலேயே கிளைக்கோஜன் தேங்கும் நோயுள்ளவர்களின் கல்லீரலைப்போல் ஆயிற்று. பாஸ்பாரிலேஸ் இல்லாமலே பிறப்பவர்கள் உண்டு. மேலே சொன்ன ஹெர்ஸின் பெயரிலேயே அந்த நோய் அறியப்படுகிறது. அந்தக் குழந்தைகளுக்குக் கல்லீரல் பெருத்து வயிறு முன்தள்ளியிருக்கும், வளர்ச்சி தாமதப்படும், வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கும். வெளியே எடுக்கும் வாசலை நிரந்தரமாக அடைத்தால் என்ன ஆகும் என்பதை அவர்களுடைய உடம்பே நமக்குச் சொல்லிவிட்டது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இதை நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன். இன்சுலின் போடுகிறவர்களுக்கோ சில வகை மாத்திரை எடுப்பவர்களுக்கோ நடு இரவில் சர்க்கரை 50-க்கு இறங்கிப் போனால், அவர்களைக் காப்பாற்றுவது இதே பாஸ்பாரிலேஸ்தான். மயங்கிக் கிடப்பவருக்குப் போடும் குளுக்ககான் ஊசி, கல்லீரலின் கிளைக்கோஜனை உடைத்துத்தான் ஆளை எழுப்புகிறது. பல நாள் சாப்பிடாதவருக்கும் மது அருந்திவிட்டுச் சாப்பிடாமல் கிடப்பவருக்கும் அந்த ஊசி சரியாக வேலை செய்யாது. உடைப்பதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது. ஆபத்துக்கு உதவும் அந்தக் கதவை இரவும் பகலும் பூட்டி வைக்கும் மருந்தை நான் ஒருவருக்கு எழுதித் தருவதென்றால் பலமுறை யோசிப்பேன்.

இரண்டாவது வழி, குளுக்கோகைனேஸை முடுக்குவது. 2003-லிருந்து இதில் பல மருந்துகள் வந்தன. சிலவற்றில் முதல் சில மாதம் சர்க்கரை நன்றாகக் குறைந்து, பிறகு பலன் மங்கியது. சர்க்கரை அளவுக்குமீறி இறங்குவதும் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடுவதும் தொல்லையாயின. கல்லீரலுக்குள் சர்க்கரையை நிறையத் தள்ளினால் கிளைக்கோஜனாகச் சேர்ந்தது போக மீதி கொழுப்பாகும். மனிதரிடம் இயற்கையே இதைச் செய்து காட்டியிருக்கிறது: குளுக்கோகைனேஸை அடைத்து வைக்கும் காவல் புரதம் சற்றுத் தளர்ந்த வடிவில் இருக்கும் மரபு பலருக்கு உண்டு, அவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் குறைவு, டிரைகிளிசரைடு கொஞ்சம் கூடுதல். இத்தனைக்கும் பிறகு இந்த வழியில் ஒரு மருந்து கரை சேர்ந்தது. டோர்சாகிளையாடின் என்ற அதற்கு 2022-ல் சீனா அனுமதி தந்தது. கணையம், கல்லீரல் இரண்டிலும் அது வேலை செய்கிறது.

மூன்றாவதுதான் உங்கள் மகள் சொன்னது: பாஸ்பாரிலேஸைத் தொடாமல், அது ஜி.எல். வாலைக் கவ்வும் பிடியை மட்டும் தளர்த்துவது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் பட்ரீஷியா கோஹனின் குழு இதற்காக உழைத்தது. வாலின் 284-ஆவது இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. கவ்வுவதற்கு அதுதான் முக்கியப் பிடிமானம். அதை ஒரே ஓர் எழுத்து மாற்றுவதுபோல் வேறொரு அமினோ அமிலமாக மாற்றிய எலிகளை வளர்த்தார்கள். 2009-ல் வெளியான அந்த ஆய்வில், குளுக்கோஸ் கொடுத்தால் அந்த எலிகள் மற்ற எலிகளைவிட நன்றாகச் சமாளித்தன. அதற்கு முந்தைய வருடமே, இந்தப் பிடிக்குள் நுழைந்து தடுக்கும் சிறு மூலக்கூறுகள் எலிக் கல்லீரல் செல்களில் கிளைக்கோஜன் உற்பத்தியைக் கூட்டுவதையும் காட்டியிருந்தார்கள்.

மூன்றில் என் மனம் சாய்வது இந்த வழியின் பக்கம்தான். இதில் உடைக்கும் என்சைம் முழுதாக இருக்கிறது. சாவி மட்டும் அதன் இடுப்பிலிருந்து கைமாறுகிறது. சாப்பிட்டதும் கட்டும் வேலை தாமதமில்லாமல் தொடங்கும். நடு இரவில் சர்க்கரை இறங்கினால் குளுக்ககான் குரல் கொடுத்ததும் பாஸ்பாரிலேஸ் எழுந்து வரும். ஆனால் ஐயா, செல்லிலும் எலியிலும் கண்டதைத் தவிர, இந்த வழியில் மருத்துவர் எழுதித் தரக்கூடிய மாத்திரை எதுவும் இல்லை. கல்லீரலில் கிளைக்கோஜன் அளவுக்குமீறிச் சேர்ந்தால் அதற்கும் விலை உண்டு: சர்க்கரை கட்டுப்படாமலே நிறைய இன்சுலின் எடுக்கும் சிலருக்குக் கல்லீரலில் கிளைக்கோஜன் நிரம்பி, கல்லீரல் பெருத்து, எஸ்.ஜி.பி.டி. ஏறுவதை நாங்கள் பார்க்கிறோம். வலப்பக்க விலாவுக்குக் கீழே விரல் வைத்தால் கல்லீரலின் விளிம்பு தட்டுப்படும். சர்க்கரையைச் சீராகக் கட்டுப்படுத்தினால் அது தானாகச் சுருங்கிவிடும். எந்தப் புது மருந்தானாலும் இதையெல்லாம் தாண்டித்தான் வர வேண்டும். மகளிடம் சொல்லுங்கள், இதில் அவர் தலைமுறைக்கு நிறைய வேலை மிச்சமிருக்கிறது.

இப்போதைக்கு உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நீங்கள் எடுக்கும் மெட்ஃபார்மின், கல்லீரல் விடும் சர்க்கரையைத்தான் முக்கியமாகக் குறைக்கிறது. அதை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். அது போதாமல் போனால் சேர்க்கக்கூடிய மருந்துகளிலும் சில இதே சுவிட்சுகளைத்தான் தொடுகின்றன: ஜி.எல்.பி.-1 என்ற குடல் ஹார்மோனைப்போல் வேலை செய்யும் ஊசிகள், சர்க்கரை உயர்ந்திருக்கும்போது குளுக்ககானை அடக்குகின்றன. இரவில் போடும் நீண்டநேர இன்சுலின், பாஸ்பாரிலேஸையும் பட்டறையையும் சேர்த்தே அமர்த்துகிறது. உங்களுக்கு இவை தேவையா என்பதை மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி., சிறுநீரக நிலை, எடை ஆகியவற்றைப் பார்த்து உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். காலை அளவு ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடமாவது நடங்கள். இதிலும் கிளைக்கோஜன் இருக்கிறது. நடக்கும்போது தசை தன் கிளைக்கோஜனைச் செலவழிக்கிறது. செலவழித்த தசை, இன்சுலின் பெரிதாகத் துணைக்கு வராமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்து மறுபடி கட்டிக்கொள்கிறது. உங்கள் கணக்கில் நாலரை கிராம்தானே பிரச்சினை. அதில் ஒரு பகுதியை நடை எடுத்துக்கொள்ளும்.

லிவர் என்சைம் கேப்ஸ்யூல் வேண்டாம். என்சைம் என்பது புரதம். வாய்வழியே போனால் வயிற்றிலும் குடலிலும் மற்றப் புரதங்களைப்போலச் செரித்துவிடும். கல்லீரல் செல்லுக்குள் நுழைந்து கிளைக்கோஜன் உருண்டையின் மேல் போய் உட்கார அதற்கு வழியே இல்லை. பெயரில் லிவர் என்று இருக்கும் சில தயாரிப்புகளில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதே தெளிவாக இருப்பதில்லை. இன்றைக்கு நார்மலாக இருக்கும் உங்கள் எஸ்.ஜி.பி.டி.யை அது ஏற்றிவிடவும் கூடும்.

அடுத்த முறை டாக்டரிடம் போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வழக்கம்போல் சாப்பிட்டு, மூன்று இரவுகள், படுக்கும்போது ஒன்று, 3 மணிக்கு அலாரம் வைத்து ஒன்று, எழுந்ததும் ஒன்று என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 3 மணிக்கு 120-ஐ ஒட்டி இருந்து காலையில் 150 என்றால், ஏற்றம் விடியற்காலை ஹார்மோன்களால் வருகிறது. 3 மணிக்கே 145 என்றால், இரவு முழுக்க மெல்ல ஏறுகிறது. அப்போது மருந்தின் அளவையும் நேரத்தையும் பற்றிப் பேச வேண்டியிருக்கும். 3 மணிக்கு 70-க்குக் கீழே இருந்தால், மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கும் உங்களுக்கு அது அரிது, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அந்த ஒன்பது எண்களும் எழுதிய தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.